புயல் நடுவே விசுவாசம்



இவ்வாண்டு நம் பள்ளியில் நடைபெற்ற மறைக்கல்விக் கட்டுரைப் போட்டிக்கு, ‘துன்ப வேளையில் விசுவாசம்’ என்ற தலைப்பைக் கொடுத்திருந்தார்கள். நானும் எழுதினேன். இருளில் ஒளி, பாலைவனத்தில் நீரூற்று, கரை காட்டும் கலங்கரை விளக்கம் என்று உவமைகளை அடுக்கி மூன்று பக்கம் நிரப்பினேன். ஆறுதல் பரிசும் கிடைத்தது. ஆறுதலைப் பற்றி எழுதியவளுக்கு ஆறுதல் பரிசா என்று தோழியர் கேலி செய்தனர். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றிரவு விடுதியில் படுத்திருந்தபோது, நான் எழுதியதில் ஒரு பக்கத்தையாவது என் மாமியின் முன் படித்துக் காட்ட முடியுமா என்று எண்ணிப் பார்த்தேன். முடியாது என்று தோன்றியது. ஆகவே அதே பொருளைப் பற்றி இம்மலரில் மீண்டும் எழுதத் துணிந்தேன். இம்முறை உவமைகள் குறைவு, பொறுத்தருள்க.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. நம் வகுப்பில் பாதிப் பேர் ரப்பர்த் தோட்டமும் வாழைத் தோட்டமும் உள்ள மலையோரத்துப் பிள்ளைகள். அவர்களுக்காகச் சற்று விளக்கிச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லாரும் காலையில் கடலுக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அல்லர். பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து, அரிசியும் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு, சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போட விசைப்படகில் ஆழ்கடலுக்குச் செல்பவர்களே பலர். இலட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள், குஜராத் கடல் வரையிலும் போவார்கள். திரும்பி வர ஒரு மாதம் கூட ஆகும். படகு புறப்படும் நாளில் பெண்கள் அழ மாட்டார்கள். அழுதால் நல்லதில்லை என்பது எங்கள் ஊர் எண்ணம். குருசடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வேலையைப் பார்ப்பார்கள்.

என் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், அப்படித்தான் 2017 நவம்பரில் புறப்பட்டுப் போனார். அப்போது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். கிறிஸ்துமசுக்கு எனக்கு ஒரு சிவப்புக் குடை வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார்.

நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் எங்கள் கடலைக் கடந்தது. வங்க மொழியில் அச்சொல்லுக்குக் ‘கண்’ என்று பொருளாம். நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள் என்பதைத் திருச்சபை நாள்காட்டியில் பிற்பாடுதான் கவனித்தேன். பேதுருவின் சகோதரராகிய அந்திரேயாவும் மீனவர்! மீனவரான ஒரு புனிதரின் நாளிலேயே மீனவர் மீது அப்புயல் வந்தது. கரையில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. மலையோரத்துத் தோழியரே, உங்கள் வீட்டு நட்டத்தையும் நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் யாரும் விழுந்த மரத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிலர் திரும்பி வந்தனர். சிலர் வெகுதூரத்துக் கரைகளில் ஒதுங்கித் தொலைபேசியில் பேசினர். குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களுள் என் மாமாவும் ஒருவர். உடலும் கிடைக்கவில்லை. படகின் ஒரு பலகை கூடக் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் அம்மச்சியின் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அநேகர். அவர்கள் எல்லாரும் நல்லவர்கள். கஞ்சி கொண்டு வந்தார்கள், எங்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டினார்கள். அந்த உதவியை நான் மறக்கவில்லை. ஆனால் அவர்களுள் சிலர் பேசத் தொடங்கினார்கள். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றார் ஒருவர். நல்லவர்களைத்தான் ஆண்டவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்றார் இன்னொருவர். அப்படியானால் திரும்பி வந்தவர்கள் கெட்டவர்களா என்று ஏழு வயதிலேயே எனக்குச் சந்தேகம் தோன்றியது. வீட்டில் குடும்பச் செபமாலை தவறிப்போயிருக்கும், அதனால்தான் இப்படி நேர்ந்தது என்று மூன்றாமவர் சொன்னதும், அதுவரை வாய் திறவாமல் மூலையில் இருந்த அம்மச்சி நிமிர்ந்து பார்த்தார்.

“ஆண்டவருக்க சித்தம் எதுண்ணு ஒனக்கு ஆரு சொன்னது பிள்ளே? நீ அவருகிட்ட கேட்டியா?”

அதன்பின் அங்கு யாரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து ஒருவர் செபமாலையைத் தொடங்கினார். அம்மச்சியும் சேர்ந்து சொன்னார்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விசுவாசம் துன்பத்தைத் தடுக்கும் வேலியன்று. இத்தனை செபம் சொன்னால் இத்தனை பாதுகாப்பு என்று கணக்குப் பார்ப்பதற்குப் பெயர் வியாபாரம். அந்தக் கணக்கை நம்புகிறவர்கள், துன்பப்பட்டவர்களின் தலையில் குற்றத்தையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். கணவனை இழந்தவள், தன் செபம் போதவில்லையோ என்று ஆயுள் முழுவதும் நினைத்து வருந்த வேண்டுமா? இது பெரியவர்களைக் குறைகூறுவது போலத் தோன்றினால் மன்னிக்க வேண்டும். ஆனால் இதை நான் மட்டும் சொல்லவில்லை, விவிலியமே சொல்கிறது.

யோபின் கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதில் நண்பர்கள் வரும் பகுதியை நாம் விரைவாகத் தாண்டிப் போய்விடுகிறோம். செல்வத்தையும் பிள்ளைகள் பத்துப் பேரையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபைக் காண மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தாம்! வாயைத் திறந்தபோதுதான் வினை தொடங்கிற்று. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் உனக்கு ஏன் இப்படி நேர வேண்டும் என்று மாறி மாறி வாதாடினார்கள். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்குக்கு அழைப்பது போலப் பேசினார். கடைசியில் கடவுள் யார்மீது சினம் கொண்டார்? தமக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்த நண்பர்கள் மீதுதான்! தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபே என்றார். முறையிட்டவரைக் கடவுள் ஏற்றுக்கொண்டார். விளக்கம் சொன்னவர்கள் மன்னிப்புக்காக அந்த யோபின் செபத்தையே நாட வேண்டியதாயிற்று.

(ஆயினும் அக்கதையின் முடிவு எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. யோபுக்கு ஆடுமாடுகள் இரு மடங்காகத் திரும்பக் கிடைத்தன. மீண்டும் ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தார்கள். சரி, முதலில் இறந்த பத்துப் பிள்ளைகள்? யோபின் மனைவி அவர்களை மறந்திருப்பாளா? மறைக்கல்வி வகுப்பில் இதைச் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “எனக்கும் அந்த இடம் உறுத்தத்தான் செய்கிறது” என்றார். அப்படிச் சொன்னதற்காகவே அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.)

இந்த யோபின் கதைக்கும் நம் மாவட்டத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. எட்டாம் வகுப்பில் நம்மைச் சுற்றுலாவாக உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றார்களே, நினைவிருக்கிறதா? அங்கே கூரையில்லாத பழைய ஆலயத்தினுள் ஒரு கல்லறையைப் பார்த்தோம். அது டச்சுக்காரர் படையில் இருந்த டிலனாய் என்பவருடையது. அதில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. நம்மில் பலர் அங்கே மான் பார்ப்பதிலும் கட்டுச்சோற்றிலுமே கருத்தாயிருந்தோம், நானும்தான். ஊருக்குத் திரும்பியபின்தான் அவர் வரலாற்றைப் படித்தேன்.

1741-இல் நடந்த குளச்சல் போரில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்டவர் டிலனாய். பின்பு அம்மன்னரிடமே பணி செய்து, திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்தார். அவரோடு பழகிய அரண்மனை அலுவலர் ஒருவர், நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. பிள்ளையின் வீட்டில் மாடுகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. மனம் நொந்திருந்த அவருக்கு டிலனாய் யோபின் கதையைச் சொன்னார். தம் நாட்டை விட்டு, உறவினரை விட்டு, தோற்ற படையின் கைதியாக வந்தவர் அல்லவா அவர்? துன்பத்தை அறிந்த ஒருவர் துன்பத்தில் இருந்த இன்னொருவருக்குச் சொன்ன கதை அது. அதைக் கேட்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

தோழியரே, இங்கே சற்று நில்லுங்கள். கிறிஸ்தவரானபின் தேவசகாயத்தின் மாடுகள் பெருகினவா? பயிர் செழித்ததா? இல்லையே! அரண்மனை வேலை போயிற்று. 1749-இல் சிறைப்பட்டார். அடியும் அவமானமும் பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். முன்பு அவர் இழந்தது மாடு. பின்பு இழந்தது உயிர். நம்பினால் துன்பம் நீங்கும் என்பது உண்மையானால் தேவசகாயம் ஏமாந்துபோனவர் என்றல்லவா சொல்ல வேண்டும்? ஆனால் கோட்டாற்றில் அவர் கல்லறையைத் தேடி அந்நாள் முதல் மக்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று எங்கள் ஊர் ஆலயத்திலும் நெடுநேரம் மணி அடித்தார்கள். தாம் பட்ட துன்பத்துக்கு அவர் என்ன காரணம் கண்டார் என்று எனக்குத் தெரியாது. தாம் கைவிடப்படவில்லை என்று அவர் நம்பியதால் நிமிர்ந்து நின்றார் என்று மட்டும் தெரிகிறது.

‘தேவசகாயம்’ என்பது ‘இலாசர்’ என்னும் பெயரின் தமிழாக்கம். விவிலியத்து இலாசர் இறந்தபோது இயேசு என்ன செய்தார்? தமிழ் வகுப்பில் திருக்குறளின் இடுக்கணழியாமை அதிகாரம் படிக்கிறோம். துன்பம் வந்தால் அதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார் வள்ளுவர். தமிழம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. அது மலை போன்ற மனம் படைத்தவர்களுக்குப் பொருந்தும். என் போன்றவர்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. பெத்தானியாவில் நண்பரின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுதார். சற்று நேரத்தில் அந்த நண்பரை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்தும் அழுதார். ‘விசுவாசம் உள்ளவர்கள் அழக்கூடாது’ என்று சொல்லும் பெரியவர்கள் இதை மறுபடியும் படித்துப் பார்த்தால் நல்லது.

இனி, நான் எழுதத் தயங்கிய இடத்துக்கு வருகிறேன்.

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பூசையில் அன்றைய நற்செய்தி, இயேசு புயலை அடக்கிய பகுதி. மாற்கு எழுதியது. இயேசு படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அலைகள் படகுக்குள் பாய்கின்றன. சீடர்கள் அவரை எழுப்புகிறார்கள், அவர் எழுந்து காற்றை அதட்டுகிறார், கடல் அடங்குகிறது. மலையோர ஊர்களில் இது ஓர் அழகான புதுமை. எங்கள் ஊர் ஆலயத்தில் இதை வாசிக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஏனென்றால் அங்கே இருக்கும் ஒவ்வொரு வீட்டாருக்கும் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான். கலிலேயாவில் எழுந்தவர், எங்கள் கடலில் ஏன் எழவில்லை?

எனக்கு முன்வரிசையில் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். போகவில்லை. நற்கருணையும் வாங்கினார். மாலையில் கடற்கரையில் வலைக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.

“மாமி, அன்றைக்கு மட்டும் அவர் ஏன் எழும்பவில்லை?”

மாமி என்னைக் கோபிக்கவில்லை. வெகுநேரம் கடலைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

“தெரியல்ல மக்ளே. நானும் தெனமும் அதத்தான் கேக்கேன். ஏசியும் இருக்கேன். ஏசவும் அவருதானே இருக்காரு.”

கட்டுரைப் போட்டியில் நான் எழுதிய மூன்று பக்கத்தை இந்தப் பேச்சின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; வெட்கமாயிருந்தது. விசுவாசம் மாமிக்கு விடை தரவில்லை. ஆனால் கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் தந்திருக்கிறது. நடு இரவிலும் கேட்கலாம், கோபித்துக்கொண்டும் கேட்கலாம், மறுநாளும் அதையே கேட்கலாம். இது சிறிய உதவி என்று யாராவது சொன்னால், கேட்க ஆளில்லாமல் துன்பப்படுகிறவர்களைப் போய்ப் பாருங்கள் என்பேன். சிலுவையில் இயேசுவே ஒரு கேள்வியைத்தானே உரக்கக் கேட்டார்? அது 22-ஆம் திருப்பாடலின் தொடக்கம் என்று மறைக்கல்வியில் படித்தோம். இஸ்ரயேல் மக்களின் செபப் புத்தகத்திலேயே இப்படிப்பட்ட முறையீடுகள் எத்தனை! மாற்குவின் படகிலும் பாருங்கள். சீடர்கள் மரியாதையாகவா எழுப்பினார்கள்? தங்கள் உயிரைப் பற்றி அவருக்கு அக்கறையில்லையா என்று அல்லவா கேட்டார்கள்? அப்படிக் கேட்டும், இயேசு முதலில் கடலை அடக்கினார். அதன்பின்தான் அவர்களைக் கண்டித்தார்.

இதைப் படிக்கும் சிலர், இது வெறும் அழுகையும் புலம்பலுமாக இருக்கிறதே, விசுவாசிகள் கைகட்டி உட்கார்ந்திருப்பவர்கள்தாமா என்று கேட்கலாம். என் அண்ணன் கல்லூரியில் படிக்கிறான். அவனும் இப்படித்தான் வாதிடுவான்; செபம் என்பது ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு சாக்கு என்பான். அவனுக்கு நான் சொல்லும் பதில், 2017 டிசம்பர் 7. அன்று கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கால்நடையாகக் குழித்துறை ரயில் நிலையத்துக்குச் சென்று, காணாமற்போனவர்களைத் தேடித் தரும்படி தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பங்குத்தந்தையர் உடன் இருந்தனர். என் அம்மாவும் மாமியும் போயிருந்தார்கள். கையில் செபமாலை, வாயில் கோரிக்கை முழக்கம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாக இருந்ததாக அம்மாவுக்குத் தோன்றவேயில்லை. ஊரில் மிஞ்சியிருந்த ஆண்கள் தங்கள் படகுகளிலேயே தேடப் புறப்பட்டார்கள். அவர்கள் புறப்படுமுன் பங்குத்தந்தை படகுகளை மந்திரித்தார். அவர்களும் டீசலைச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஒக்கிக்குப்பின் ஆழ்கடலில் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகள் வந்திருக்கின்றன. அக்கருவி இருக்கும் படகிலும் மாதா படம் மாட்டியிருக்கிறது. படம் இருப்பதால் கருவி வேண்டாம் என்று சொல்லும் மீனவரை நான் பார்த்ததில்லை.

ஆறுதல் சொன்னவர்களைப் பற்றிக் கடுமையாக எழுதிவிட்டேன். அவர்கள் செய்த நன்மையையும் எழுதுவதுதான் நியாயம். புயலுக்குப்பின் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர்கள் ஒவ்வோர் இரவும் அம்மச்சியின் வீட்டில் கூடிச் செபமாலை சொன்னார்கள். துக்க வீட்டில் இத்தனை நாள் என்று ஒரு முறை உண்டு. ஆனால் இது துக்க வீடா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியாதே! உடல் கிடைக்காதபோது நாளை எதிலிருந்து எண்ணுவது? அதனால் அவர்கள் எண்ணாமலே வந்தார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, எங்கள் தெருவில் ஒரு நட்சத்திரமும் தொங்கவில்லை. அதன் பின்னும் வந்தார்கள். செபமாலையில் ஒரே மன்றாட்டு ஐம்பத்துமூன்று முறை வருகிறதே, சலிப்பாக இல்லையா என்று விடுதியில் பிறமதத் தோழி ஒருத்தி என்னிடம் கேட்டாள். சலிப்பாகத்தான் இருக்கும், சந்தோஷமாக இருக்கும்போது! சொந்தமாகச் செபிக்க ஒரு சொல் கூட வராத நேரத்தில், எப்போதோ மனப்பாடமான சொற்கள் வாயில் தாமாக வருகின்றன. பாதியில் அம்மச்சியின் குரல் அடைத்துப்போகும். மற்றவர்கள் தொடர்ந்து சொல்வார்கள். அடுத்த பத்தில் அம்மச்சி மறுபடி சேர்ந்துகொள்வார். பாலும் சர்க்கரையும் யார் வாங்கி வைத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

1544-இல் புனித சவேரியார் இந்தக் கடற்கரையில் நடந்து, ஒரு மாதத்தில் பத்தாயிரம் மீனவர்களுக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். அவருக்குத் தமிழ் சரியாக வராது. மன்றாட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டுதான் சொல்லிக்கொடுத்தார். ஏறக்குறைய நானூற்றெண்பது ஆண்டுகளாக எங்கள் பாட்டிகளும் அவ்வாறே மனப்பாடமாகச் சொல்லி வருகிறார்கள். எத்தனை புயல்களைக் கடந்து வந்தனவோ அந்த மன்றாட்டுகள்!

எல்லாருக்கும் விசுவாசம் உதவியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மாமாவின் மூத்த மகன் அதன்பின் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். அப்போது அவனுக்கு வயது பதினொன்று. பலிபீடச் சிறுவனாக இருந்தவன். திருப்பலி உடையை மடித்துச் சக்கிறீஸ்தில் வைத்துவிட்டு வந்தவன்தான், திரும்பப் போகவில்லை. மாமி அவனை ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. ஊரார் சிலர் குறை சொன்னபோது, “அவனும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்” என்று மட்டும் சொன்னாராம். ஞாயிறுதோறும் அம்மச்சியை ஆலயத்துக்குச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவன் அவன்தான். பூசை முடியும்வரை வெளியே கொடிமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு விசுவாசம் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கடந்த நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று நானும் ஊரில் இருந்தேன். ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. ஒவ்வொரு கல்லறையையும் கழுவி, சாமந்திப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். எங்களுக்குத் தாத்தாவின் கல்லறை இருக்கிறது. அங்கே மந்திரிப்பு முடிந்ததும் அம்மச்சி மற்றவர்களோடு வீட்டுக்குத் திரும்பாமல் கடற்கரைக்கு நடந்தார். நானும் மாமியும் பின்னால் போனோம். கல்லறை இல்லாதவர்களுக்காக எங்கள் ஊரில் சிலர் குருசடிக்கு முன்னால் மணலிலேயே மெழுகுவர்த்தி நடுவார்கள். ஏற்கெனவே ஏழெட்டு வீட்டார் அங்கே இருந்தார்கள்.

அம்மச்சி ஏற்றிய மெழுகுவர்த்தி உடனே அணைந்துவிட்டது. காற்று அப்படி. மறுபடி ஏற்றினார்; மறுபடி அணைந்தது. நான் மண்டியிட்டு இரு கைகளையும் குவித்து மறைத்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து யாரோ வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து, காற்று வரும் பக்கம் தன் முதுகைக் காட்டிக்கொண்டான். மாமாவின் மகன். அவன் செபம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மச்சி தீப்பெட்டியை அவனிடம் கொடுத்தார்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி